ஆர்லன் பீஸ்லி தேயிலைத் தண்ணீரில் ஊறப்போட்டவை

ஆர்லன் பீஸ்லியின் கார் நெப்ராஸ்காவில் ஒரு களஞ்சியத்தில் கிடைத்தது என்று வருஷா வருஷம் கார் வேக ஓட்டம் நடக்கிற உப்பு வெளியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நாற்பது வருஷம் வைக்கோலுக்கு அடியில் கிடந்ததாம். சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்ததாம். போருக்குப் போய்த் திரும்பாத பண்ணைவீட்டுப் பிள்ளை ஒருவனின் கையுறை ஸ்டீயரிங்கிலேயே தொங்கிக்கொண்டிருந்ததாம். அந்தக் கையுறை வரும் இடத்தில் ஆர்லன் தொண்டையைக் கனைத்துக்கொள்வான். கேட்கிறவர்கள் தொப்பியைக் கழற்றிவிடுவார்கள்.

அந்தக் களஞ்சியம் நான்தான்.

வெண்டோவரில், ரயில் பாதைக்குத் தெற்கே, ஏழு ஏக்கர் காயலான் கடை என்னுடையது. அந்தக் காரின் சேஸிஸ் என் மூன்றாவது வரிசையில் ஒரு பால் வண்டிக்கு அடியில் கிடந்தது. கதவுகள் இரண்டும் இரண்டு வேறு கார்களுடையவை. எஞ்சின் ஒரு உருளைக்கிழங்குத் தோட்டத்தில் பத்து வருஷம் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. கோழி எதுவும் இல்லை. ஒரு தேள் இருந்தது. அதை அடித்ததும் நான்தான்.

சொல்லிக்காட்டுவதற்காக இதை எழுதவில்லை. சரி, கொஞ்சம் சொல்லிக்காட்டத்தான். பள்ளிக்கூடம் என்னைக் கடைசியாகப் பார்த்தது நான்காம் வகுப்பில். பதினோரு வயதில் ரயில் கொட்டகையில் கரி அள்ளினேன். பதினேழில் வெல்டிங் பழகினேன். இருபத்துநாலில் உடைந்த லாரி ஒன்றை வாங்கிப் பிரித்து விற்று, இரண்டு லாரி வாங்கினேன். இன்றைக்கும் என் உள்ளங்கையில் ஒரு போல்ட்டை வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு எந்த வருஷத்து வண்டியுடையது என்று சொல்கிறேன். இந்த ஓடிஸ் லண்ட் சொல்லி இதுவரை தப்பியதில்லை.

ஆர்லன் படித்தவன். நூறு மைல் கிழக்கே டுவில்லா ஊரில் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். கூரை பறந்துவிட்டது, கொட்டகை எரிந்துவிட்டது என்று யாராவது ஓடி வந்தால் அவன் முதலில் பார்ப்பது பாலிசி முடிந்த தேதியை. ஒரே ஒரு நாள் தாண்டியிருந்தாலும் போதும், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொல்வான்: "வருத்தமாத்தான் இருக்கு. ஆனா தேதின்னா தேதிதான்." வெள்ளிக்கிழமை மாலை வரைக்கும் இந்த ஆள். சனிக்கிழமை காலையில் தலையில் எண்ணெயை வழித்துப் பூசி, பேண்ட்டின் காலை மடித்துவிட்டு, வெள்ளை பனியனின் கைமடிப்புக்குள் ஒரு பெட்டியைச் செருகிக்கொண்டு வேறொரு ஆளாகிவிடுவான். அந்தக் காலத்துப் பையன்கள் அங்கே சிகரெட் பெட்டி வைப்பார்கள். ஆர்லன் சபைக்குப் போகிறவன், புகை கிடையாது. அவன் வைத்திருந்தது சூயிங்கம் பெட்டி.

இவனைப் போல ஒரு கூட்டமே உண்டு. தங்களைப் பழைய முறைக்காரர்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். காரில் நாற்பத்தெட்டாம் வருஷத்துக்குப் பிந்திய ஒரு பொருள் கண்ணில் பட்டுவிட்டால் தீட்டு. நாற்பத்தெட்டில் நான் அந்த உப்பில் நின்றிருக்கிறேன். அன்றைக்கு வண்டி ஓட்டிய பையன்கள் கையில் கிடைத்த புதுச் சாமான் அத்தனையையும் மாட்டினார்கள். போர் விமானத்தின் பெட்ரோல் தொட்டிக்குள்ளேயே உட்கார்ந்து ஓட்டினான் ஒருவன். இவர்கள் கும்பிடுகிற அந்தப் பையன்களில் ஒருவன்கூடப் பழைய முறைக்காரன் இல்லை. இதை ஆர்லனிடம் சொன்னேன். "உங்களுக்கு அதோட ஆத்மா புரியாது, ஓடிஸ்" என்றான். எஞ்சினுக்கு ஆத்மா உண்டு என்று தெரிந்திருந்தால் விலையைக் கூட்டியிருப்பேன்.

சங்கடம் என்னவென்றால், பழைய சாமான் எல்லாம் கிடைக்காது. என் ஏழு ஏக்கரிலும் கிடைக்காதது உண்டு. அதைப் புதிதாக வாங்கத்தான் வேண்டும். வாங்கிப் பழசாக்க வேண்டும். இந்த வித்தையில் ஆர்லனை மிஞ்ச ஆளில்லை. பளபளவென்று வந்த பானெட்டை உப்புத்தாளால் தேய்ப்பான், வினிகர் அடிப்பான், உப்புத் தண்ணீர் தெளித்து ஒரு மாதம் வெயிலில் போடுவான். துரு சரியான நிறத்துக்கு வந்ததும் மேலே மெழுகு பூசி அதை அப்படியே நிறுத்துவான். ஜனங்கள் துருவை ஒழிக்க என்னிடம் வருவார்கள். துருவைப் பத்திரப்படுத்த வந்தவன் இவன் ஒருவன்தான். துணிக்கும் தோலுக்கும் காகிதத்துக்கும் அவனுடைய மருந்து தேயிலைத் தண்ணீர், நிறம் பிடிக்க அதில் கொஞ்சம் வினிகர்.

டுவில்லாவில் சபைக்குப் போகிற வீடுகளில் தேநீர் குடிப்பதில்லை, சபை விலக்கு. அந்த ஊரில் நூறு பொட்டலம் தேயிலையை ஒரே நாளில் வாங்கியது ஆர்லனின் மனைவி வெர்னா. மூன்றாம் நாள் பிஷப் வீட்டுக்கு வந்தார். இதை வெர்னாவே எனக்குச் சொன்னாள்.

"சகோதரி பீஸ்லி, வீட்ல எல்லாரும் சுகம்தானே?"

"சுகம்தான், பிஷப்."

"கடைல ஏதோ தேயிலை வாங்கினீங்கன்னு ஒரு பேச்சு. நான் நம்பல."

"நம்புங்க. வாங்கினேன்."

"விருந்தாளி யாராவது வந்திருக்காங்களா?"

"இல்ல. கார் சீட்டுக்கு."

பிஷப் தொப்பியைக் கையில் திருப்பினாராம். "கார் சீட் குடிக்குதா?"

"ஊறுது. வாங்க, காட்டுறேன்."

குளியல் தொட்டியில் சீட்டுத் தோல் மிதந்ததைப் பார்த்துவிட்டு பிஷப் போனார். அவருடைய வீட்டுக்கும் காருக்கும் பாலிசி ஆர்லனிடம்தான் இருந்தது. மேலே ஒன்றும் கேட்கவில்லை.

இவ்வளவு கோமாளித்தனத்துக்கு நடுவில் ஆர்லனுக்கு ஒரு ஆசை மட்டும் நிஜமாக இருந்தது. பதிவுப் புத்தகத்தில் தன் பெயர் வரவேண்டும். உப்பு வெளியில் எந்த வகைக் காரில் எவன் அதிக வேகம் போனான் என்று வருஷா வருஷம் குளிர்காலத்தில் ஒரு புத்தகம் அச்சடிப்பார்கள். எழுத்து எறும்பு அளவு இருக்கும். அதை அவன் வேதம் மாதிரி படுக்கைப் பக்கத்தில் வைத்திருந்தான். முப்பது வருஷமாக அவன் பெயர் அச்சில் வந்ததெல்லாம் "கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது" என்கிற வரிக்குக் கீழேதான். அது அவனை உறுத்தியது. ஒருநாள் என் கடையில் கார்புரேட்டர் ஒன்றைப் பொறுக்கிக்கொண்டே சொன்னான்: "நான் செத்தா இந்த ஊர்ல யாரும் நல்லபடி நினைக்கப் போறதில்ல, ஓடிஸ். ஒரு வரி போதும். பேரு, வண்டி, வேகம்." அப்போது நான் சிரிக்கவில்லை. அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

அவன் வகைக் காரில் பதிவு நூற்று நாற்பத்தெட்டு மைல் சொச்சம். ஆறு ஆகஸ்ட் முயன்றான். நூற்று நாற்பத்தேழு வரை வந்து நின்றது. வண்டியின் பாரத்தைக் குறைத்துக்கொண்டே போனான், முட்டாள். உப்பில் லேசான வண்டியின் சக்கரம் வழுக்கும். முன்னூறு பவுண்டு ஈயக் கட்டியை நான்தான் கொடுத்துப் பின்னால் முடுக்கச் சொன்னேன். நாற்பத்தெட்டாம் வருஷத்துக்கு முந்திய ஈயமா என்று கேட்டான். ஆமாம் என்றேன். ஈயத்துக்கு ஏது வருஷம்.

அது தொண்ணூற்றெட்டாம் வருஷம், ஏழாவது ஆகஸ்ட். வெர்னா முடிவாகச் சொல்லிவிட்டாள்: "இதான் கடைசி. அடுத்த ஆகஸ்ட்ல நான் கடலைப் பார்க்கப் போறேன். வந்தா வா, இல்லன்னா உப்பை நக்கிட்டுக் கிட." அவள் இல்லாமல் அவன் ஓட முடியாது. உப்பில் இந்த வண்டிகள் தானாகக் கிளம்பாது. பின்னாலிருந்து ஒரு லாரி முட்டித் தள்ளிக்கொண்டு போய் வேகம் பிடிக்கவைக்க வேண்டும். ஏழு வருஷமாக அந்த லாரியை ஓட்டியவள் வெர்னா.

ஓடிப் பதிவு செய்கிறவன் காரைச் சாலையில் ஓட்டிக்கொண்டு வந்து, ஓடி முடித்து, அதே காரில் வீடு திரும்ப வேண்டும் என்பது பழைய முறைக்காரர்களின் முதல் கட்டளை. ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு வருகிறவர்களை ஆர்லன் மதிப்பதே இல்லை. முக்கியமாக எல்கோவில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த டெனீஸ் ஹாஸ்லம் என்கிறவளை. அவளுடைய கார் ஊசி மாதிரி நீளம், கத்தரிப்பூ நிறம், நூற்று எண்பது மைல் போகும். அவளுக்குக் கேட்கும்படியாகவே சொல்வான்: "வண்டியைச் சுமந்துட்டு வர்றவன் ரேஸ்காரன் இல்ல. சுமைகூலி."

இதே ஆர்லன் டுவில்லாவிலிருந்து மூடிய ட்ரெய்லரில்தான் காரை ஏற்றி வருவான். நெடுஞ்சாலையில் நூறு மைல் ஓட்டினால் எஞ்சின் சூடாகிவிடும், பயம். வந்து என் கடையின் பின்பக்கம், பழைய பள்ளிக்கூட பஸ்ஸுக்கு மறைவில் ட்ரெய்லரை நிறுத்திவிட்டு, மிச்சப் பத்து மைலை வீரன் மாதிரி ஓட்டிப் போவான். அந்த வருஷம் காரை இறக்கியதும் வெர்னா முன்பக்கத்தைக் குனிந்து பார்த்தாள்.

"பூச்சி பத்தாது, ஆர்லன்."

"என்ன பத்தாது?"

"நூறு மைல் ஓட்டிட்டு வந்த கார்ல நாலே நாலு பூச்சிதான் ஒட்டியிருக்கு. அதுல ஒண்ணு போன வருஷத்துது."

அவன் என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன். ரயில் பாதை ஓரச் சாலையில் இரண்டு தடவை போய்ப் போய் வந்து பூச்சி சேர்த்துக்கொண்டுதான் புறப்பட்டான்.

சனிக்கிழமை மதியம் பரிசோதனை வரிசை. உப்பில் வெயில் மேலேயிருந்தும் அடிக்கும், கீழேயிருந்தும் அடிக்கும். மூக்குத் துவாரத்துக்குள்கூடத் தோல் உரியும். பரிசோதகர் மெர்ல் ஸ்டப்ஸ், டுவில்லாக்காரர்தான். அவருக்குக் காரின் கதை தேவையில்லை. தீயணைப்புக் குப்பி, டயர், கவசத் தொப்பி என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தவர் நின்றார். விரலை மோந்து பார்த்தார்.

"என்னய்யா இது, ஊறுகாய் வாசனை?"

"தோலுக்குப் பூசின எண்ணெயா இருக்கும்" என்றான் ஆர்லன்.

மெர்ல் பெல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழுப்பு நிறம், ஓரமெல்லாம் நூல் பிரிந்து, பார்த்தால் ஐம்பது வருஷத்து ராணுவ விமானத்திலிருந்து அறுத்து எடுத்த மாதிரி இருந்தது. நிஜமாகச் சொல்கிறேன், அழகான வேலை. "சீட்டு எங்க? தேதி போட்ட சீட்டு?"

பெல்ட்டில் தயாரித்த மாதமும் வருஷமும் அச்சிட்ட சின்னத் துணிச் சீட்டு தைத்திருக்கும். இரண்டு வருஷம் தாண்டிய பெல்ட்டை உப்பில் விடமாட்டார்கள், அறுந்துவிடும் என்று. ஆர்லனின் பெல்ட்டில் அந்த இடத்தில் உப்புத்தாள் தேய்த்த தடம் மட்டும் இருந்தது.

"மெர்ல், இது புத்தம் புது பெல்ட்டு" என்றான் ஆர்லன், குரலைத் தாழ்த்தி. பின்னால் வரிசையில் நின்ற பழைய முறைக்காரர்கள் நாலு பேருக்குக் கேட்கக்கூடாது.

"புதுசா? எனக்கு முன்னாடி பொறந்த மாதிரி இருக்கு."

"மார்ச்சுல வாங்கினேன். நானே தான்... கொஞ்சம் பழசாக்கினேன்."

"சத்தமாச் சொல்லு, காது மந்தம்."

"பழசாக்கினேன்."

வெர்னா லாரியிலிருந்து இறங்கி வந்து, கடைக்காரன் கொடுத்த பில்லை நீட்டினாள். மெர்ல் அதை மரியாதையாக வாங்கிப் படித்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். "பில்லு ஏதோ ஒரு பெல்ட்டுக்கு, அம்மா. இந்த பெல்ட்டுக்குன்னு யாரு சொன்னா? வினிகர்ல ஊறின நூலு எவ்ளோ தாங்கும்னு யாரு சொல்றது?" பிறகு தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் துடைத்தார், நிதானமாக. மூன்று வருஷத்துக்கு முன் ஆலங்கட்டி மழையில் அவருடைய கூரை போனபோது பாலிசி முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. "வருத்தமாத்தான் இருக்கு, ஆர்லன். ஆனா தேதின்னா தேதிதான்."

கார் வரிசையிலிருந்து வெளியே தள்ளப்பட்டது.

இனி என்ன செய்வது? வேறு பெல்ட் வாங்க நூற்றிருபது மைல் போகவேண்டும். போய்ச் சேர்வதற்குள் கடை மூடிவிடும். மறுநாள் ஞாயிறு, கடையே கிடையாது. திங்கட்கிழமை வரை பொறுக்கலாம் என்றால் அன்றைக்கு மதியம் மழை என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. உப்பில் ஒரு மழை பெய்தால் ஏரி. அந்த வருஷத்து ஓட்டம் அதோடு முடிந்தது. பதிவு வேண்டுமானால் ஓட்டம் இரண்டு. முதல் ஓட்டத்தில் பழைய வேகத்தைத் தாண்டிக் காட்டவேண்டும். பிறகு காரைக் காவலில் வைத்துவிடுவார்கள். நாலு மணி நேரம் மட்டும் கை வைக்கலாம். மறுநாள் காலையில் இரண்டாவது ஓட்டம். இரண்டின் சராசரிதான் பதிவு. ஞாயிறும் திங்கள் காலையும் விட்டால் ஆர்லனுக்கு நாள் இல்லை.

என் கடையில் பெல்ட் இருக்குமா என்று கேட்டான். ஏழு ஏக்கர் நிறைய இருந்தது. எல்லாம் நிஜமாகவே பழசு.

அப்போதுதான் டெனீஸ் வந்தாள். கையில் வேகவைத்த சோளம், கடித்துக்கொண்டே.

"பீஸ்லி சார், பெல்ட்டுக்குத் தவிக்கிறீங்கன்னு கேள்விப்பட்டேன்."

"தவிக்கல. யோசிச்சிட்டு இருக்கேன்."

"என்கிட்ட இன்னொரு ஜோடி இருக்கு. போன மாசத் தேதி. உறையே பிரிக்கல."

ஆர்லன் நிமிர்ந்தான். "என்ன நிறம்?"

"என் காரு என்ன நிறமோ அதே நிறம்."

அவன் முகத்தைப் பார்க்கவேண்டுமே. கத்தரிப்பூ நிற பெல்ட், போதாததற்கு தோளிலும் மடியிலும் கம்பெனி பெயர் மஞ்சள் எழுத்தில், என் கை அகலம்.

"மேல தோல் உறை மாட்டிக்கலாமா?" என்று மெர்லிடம் கத்திக் கேட்டான்.

"பெல்ட்டு கண்ணுக்குத் தெரியணும்" என்று அங்கிருந்தே பதில் வந்தது.

ஆர்லன் டெனீஸைப் பார்க்காமலே கேட்டான். "நான் உன்னைப் பேசின பேச்சுக்கு நீ எதுக்கு எனக்குக் குடுக்கணும்?"

"சுமைகூலிங்க ஒருத்தருக்கொருத்தர் உதவிக்கணும் சார்" என்றாள் டெனீஸ். "நாலு வருஷமா ஓடிஸ் பெரியவர் கடைக்குப் பின்னாடிதானே என் ட்ரெய்லரும் நிக்குது. உங்களோடதுக்கு அடுத்தாப்ல. பஸ்ஸுக்கு அந்தப் பக்கம்."

நான் இதை அவனிடம் சொல்லியிருக்கலாம். அவன் கேட்கவில்லை. என் இடத்தில் யார் வண்டி நிறுத்துகிறார்கள் என்பது என் விஷயம்.

ஆர்லன் ஒரு மணி நேரம் காருக்குள் உட்கார்ந்திருந்தான். பெல்ட் மடியில் உறையோடு கிடந்தது. வரிசையில் இருந்த எண்ணெய்த் தலைகள் நாலும் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தன. கடைசியில் வெர்னா லாரியின் கண்ணாடியை இறக்கினாள்.

"புத்தகத்துல பேரு வேணுமா, போட்டோவுல அழகா இருக்கணுமா? ஒண்ணைச் சொல்லு. எனக்குக் கடல் எப்படியும் உண்டு."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை" என்றான் அவன். "நீ சபைக்குப் போகணுமே."

"ஊர்ல தேயிலைக்காரின்னு பேரு வாங்கியாச்சு. இனிமே எனக்கென்ன ஞாயித்துக்கிழமை."

உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தான்.

ஞாயிறு காலை அவனை பெல்ட்டில் இறுக்கியபோது எண்ணெய்த் தலைகளில் ஒருவன் சொன்னான்: "கல்யாணப் பொண்ணு கெளம்பிடுச்சு." வெர்னா அவன் காலோரமாக லாரியை நகர்த்தினாள். துள்ளிக் குதித்தான். பிறகு அவள் முட்டித் தள்ள, கார் இருமி, கனைத்து, எஞ்சின் பிடித்து, ஒரு வெள்ளைத் தூசிக் கோடாகிப் போய்விட்டது. அப்புறம் ஒலிபெருக்கிதான். நூற்று ஐம்பது புள்ளி மூன்று.

ஈயம் வேலை செய்தது. என் ஈயம்.

காவலில் கிடைத்த நாலு மணி நேரத்தில் ஆர்லன் என்ன செய்தான் தெரியுமா? காரின் முன்னால் நின்று, எந்தக் கோணத்தில் போட்டோ எடுத்தால் கத்தரிப்பூ தெரியாது என்று குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்பார்க் ப்ளக் எட்டையும் கழற்றிப் பார்த்தது நான். எஞ்சின் மூடியை இறுக்கும் ஹெட் போல்ட் ஒன்று தளர்ந்திருந்ததைக் கண்டுபிடித்ததும் நான். அதை விட்டிருந்தால் மறுநாள் தண்ணீர் உள்ளே இறங்கி, எஞ்சின் உருளைக்கிழங்குத் தோட்டத்துக்கே திரும்பியிருக்கும். திங்கள் காலை நூற்று நாற்பத்தொன்பது புள்ளி ஐந்து. சராசரி நூற்று நாற்பத்தொன்பது புள்ளி ஒன்பது. எஞ்சினைத் திறந்து அளந்து பார்த்தார்கள், அளவு சரி. பதிவு ஆர்லன் பீஸ்லிக்கு. அவன் உப்பில் உட்கார்ந்து அழுதான். பெல்ட்டைக் கழற்றவும் மறந்துபோய், அதன் ஒரு முனை கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. டெனீஸ் அப்படியே ஒரு போட்டோ எடுத்துவிட்டாள். மதியம் மழை வந்தது. சாயங்காலம் உப்பின் மேல் நாலு விரல் தண்ணீர்.

இந்த இடத்தில் நிறுத்தினால் ஆர்லனுக்கு நல்லது. ஆனால் வாழ்க்கை அவனை அங்கே நிறுத்தவில்லை.

அக்டோபரில் இன்னொரு ஓட்டம் உண்டு, சின்னது. கான்ஸாஸிலிருந்து ஒரு கணக்கு வாத்தியார் ட்ரெய்லரில் அதே வகைக் காரை இழுத்துக்கொண்டு வந்தார். நூற்று ஐம்பத்திரண்டு போனார். குளிர்காலத்தில் புத்தகம் அச்சானபோது அந்த வரியில் இருந்தது வாத்தியார் பெயர். ஆர்லன் பதிவை வைத்திருந்தது ஒன்பது வாரம். புத்தகம் அச்சடிக்கிறவர்களுக்கு ஒன்பது வாரம் கண்ணுக்குத் தெரியாது.

ஆக, அவன் ஓடினான் என்பதற்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு சான்றிதழ். தடித்த வெள்ளைக் காகிதம். வண்டியின் வகையும் வேகமும் அச்சில் இருக்கும். பெயரையும் தேதியையும் ஓட்ட நேரம் குறிக்கிற கொட்டகையிலிருந்த அம்மாள் நீல மையில் அழகாக எழுதியிருந்தாள். அதைச் சட்டம் போட்டுத் தன் கொட்டகைச் சுவரில் மாட்டினான். இரண்டு பக்கமும் பழைய எண்ணெய் டப்பா, துருப்பிடித்த நம்பர் தகடு, கிழிந்த கொடி. நடுவில் இது மட்டும் பல் டாக்டரின் பட்டம் மாதிரி பளிச்சென்று இருந்தது. கொட்டகைக்கு வந்தவர்கள் டப்பாவைத் தடவிப் பெருமூச்சு விட்டார்கள். சான்றிதழைப் பார்க்கவே இல்லை. ஏழு வருஷ உழைப்பை அவன் கூட்டத்தில் ஒருவனும் திரும்பிப் பார்க்கவில்லை, அது புதிதாக இருந்ததால்.

ஒரு மாதம் பொறுத்தான். பிறகு அவனுக்குத் தெரிந்த ஒரே மருந்தை எடுத்தான். வெர்னா வீட்டில் இல்லாத நேரம். தட்டில் தேயிலைத் தண்ணீரை ஊற்றி, சான்றிதழை அதில் போட்டு, கார்புரேட்டர் ஒன்றைக் கழுவப் போனான். திரும்பி வந்து பார்த்தால் காகிதம் அருமையான பழுப்பு. அச்செழுத்து அப்படியே இருந்தது. நீல மை முழுவதும் தட்டில் இருந்தது.

பெயர் இருந்த இடத்தில் ஒரு மேகம். தேதி இருந்த இடத்தில் இன்னொரு மேகம்.

"திரும்ப எழுதித் தரச் சொல்லேன்" என்றாளாம் வெர்னா. அந்த அம்மாளிடம் போய் என்னவென்று சொல்வான்? மெர்ல் காதுக்கு அது எத்தனை நிமிஷத்தில் போகும்? கேட்கவில்லை. ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து, அடுப்பில் லேசாகச் சூடுகாட்டி, மறுபடி சட்டம் போட்டுவிட்டான். இப்போது எல்லோரும் பார்த்தார்கள்.

மூன்று வருஷம் கழித்து, வசந்தத்தில் என் கடையில் பழைய சாமான் சந்தை போட்டேன். நான் போடுகிற சந்தைக்கு மூன்று மாநிலத்திலிருந்து ஆள் வரும். ஆர்லனும் வந்து மேஜை போட்டான். விற்க இல்லை, காட்ட. காரைப் பக்கத்தில் நிறுத்தி, சான்றிதழை பானெட்டில் சாய்த்து வைத்திருந்தான். வெர்னா நாற்காலியில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் ஒரு டப்பா நிறையச் சிப்பி, கடலில் பொறுக்கியது. அதை மட்டும் விற்றாள்.

ஓரிகனிலிருந்து ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும், தலையில் எண்ணெய். காரைச் சுற்றி வந்தார். பானெட்டைத் தொட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு சான்றிதழுக்கு முன்னால் குனிந்தார்.

"நூத்தி நாப்பத்தொன்பது புள்ளி ஒன்பது" என்று படித்தார். "அந்தக் காலத்துல, இந்த எஞ்சின்ல. யப்பா. பெரியவரே, இது யாருது?"

ஆர்லன் வாயைத் திறந்தான்.

என்னுடையது என்று ஒரு வார்த்தை. சொன்னால் அடுத்த கேள்வி, காகிதம் ஏன் இப்படி இருக்கிறது. அதற்குப் பதில் தேயிலை. தேயிலை என்றால் சீட்டுக்கும் தேயிலை, பானெட்டுக்கு வினிகர், அப்புறம் கோழி, கையுறை, களஞ்சியம் எல்லாம் வரிசையாகச் சரியும். ஓரிகன்காரரின் கை இன்னும் அந்த பானெட்டின் மேல்தான் இருந்தது. ஆர்லன் என்னைப் பார்த்தான். மேஜைக்கு அந்தப் பக்கம்தான் நின்றேன். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இவன் ஓட்டியதுதான், என் கண்ணால் பார்த்தேன் என்று. ஓடிஸ் லண்ட் சொன்னால் மூன்று மாநிலம் நம்பும். ஆனால் பத்து வருஷமாக அவன் ஒருவரிடமாவது, இந்த வண்டி ஓடிஸ் கடையில் கிடைத்தது என்று சொன்னானா? நான் என் போல்ட் பெட்டியைக் கிளற ஆரம்பித்தேன்.

ஆர்லன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"காரோடவே கெடைச்சது" என்றான். "நெப்ராஸ்காவுல. ஒரு களஞ்சியத்துல."

ஓரிகன்காரர் தொப்பியைக் கழற்றினார். "பேருகூட அழிஞ்சு போச்சே. பாவம், எவனோ ஒருத்தன் உயிரைக் குடுத்து ஓட்டியிருக்கான்."

"ஆமா" என்றான் ஆர்லன். "எவனோ ஒருத்தன்."

வெர்னா பின்னலிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"அவரு போயி ரொம்ப நாளாச்சு தம்பி" என்றாள். "சிப்பி வேணுமா? இதெல்லாம் நானே பொறுக்கினது."